என் புத்தகத்தை என் அட்டையில் கொடுங்கள்: நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பொதுப் பகுதியில் இருந்த மாயாஜாலக் கதைப் புத்தகங்களை மொத்தமாக எடுத்துச் சிறுவர் பகுதியில் வைத்துவிட்டீர்கள். இடம் பற்றவில்லை என்று கவுண்டரில் சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் குழந்தை இல்லாமல் பெரியவர்கள் அந்தப் பகுதிக்குள் போகக் கூடாது, அங்கே உள்ளது சிறுவர் அட்டைக்கு மட்டும்தான் இரவல் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறதே, புத்தகங்களை மாற்றும்போது அதை ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

நான் திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் வந்து போகிறவள். கணக்கு எழுதும் வேலை. உட்கார இடம் கிடைத்தால் போகும்போதும் வரும்போதும் அதுதான் என் படிப்பு நேரம், வீட்டில் எனக்கென்று அப்படி ஒரு நேரம் கிடையாது. பல வருடமாக ஆசைப்பட்டு, இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கியன் எழுதிய மாயாஜாலக் கதையான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தை உங்களிடம்தான் எடுத்தேன். என் இங்கிலீஷுக்கு அது மெதுவாகத்தான் நகர்ந்தது, இரண்டு தடவை புதுப்பித்து முடித்தேன். படித்தவர்களுக்குத் தெரியும், சேர்ந்து கிளம்பிய கூட்டம் உடைந்து, கதாநாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் மட்டும் தனியாகப் படகில் ஆற்றைத் தாண்டிப் போவதோடு அந்தப் பாகம் நின்றுவிடும். அந்த இடத்தில் விட்டுவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. மறுநாளே இரண்டாம் பாகத்துக்கு வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற அடுக்கிலேயே இருந்தது. “குழந்தை கூட வந்தாத்தான் மேடம்” என்றார்கள்.

மூன்று வாரம் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனை, ஒன்பது வயது, அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அவனுக்கு ஒரே சந்தோஷம், நூலகத்துக்கு முதல் தடவையாக வருகிறான். அவன் பேரில் அட்டை போட்டோம், உள்ளே போனோம், அவன் நேராக டைனோசர் படப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அப்போதுதான் சொல்கிறார்கள், சிறுவர் அட்டைக்கு ஒரு தடவைக்கு ஒரே புத்தகம். நான் அவனைப் பார்த்தேன். அவன் என் கையில் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தான். “அத்தை, நீங்க எடுத்துக்கங்க, நான் அடுத்த வாரம் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு டைனோசரைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான். திரும்பும்போது பஸ்ஸில் அவனுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், அவன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு குழந்தையின் முதல் புத்தகத்தை நான் பறித்துக்கொண்டு போகும்படி ஏன் வைத்தீர்கள்?

விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தெரியாத பெரியவர்கள் சுற்றக் கூடாது என்பது சரியான விதி, அதைத் தளர்த்த வேண்டாம். பெரியவர்களுக்கான புத்தகங்களை வெளியே கொண்டுவாருங்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கான புத்தகமா என்று சந்தேகம் வரலாம். அதன் முதல் பாகம் 1954-ல் வெளிவந்தபோது எழுதியவருக்கு வயது 62. முதல் உலகப் போரில் பிரான்ஸின் சோம் யுத்த முனையில் இருந்தவர், நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர். அந்தக் கதையில் வரும் களைப்பும் இழப்பும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எட்டுமா? இந்தக் கதையை வைத்து எடுத்த படங்களில் 2003-ல் வந்த மூன்றாவது படம் 11 ஆஸ்கார் வாங்கியபோது அதை யாரும் சிறுவர் படம் என்று ஒதுக்கவில்லை. தேவதைக் கதைகளைப் பழைய நாற்காலி மேசைபோலக் குழந்தைகளின் அறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம், பெரியவர்களுக்கு அது வேண்டாமல் போனதுதான் காரணம் என்று டோல்கியனே ஒரு கட்டுரையில் வருத்தப்பட்டிருக்கிறார்.

அவர் பிறந்த அதே 1892-ல்தான் நம் சீர்காழியில் எஸ்.ஆர்.ரங்கநாதனும் பிறந்தார். இந்திய நூலகத் துறையின் தந்தை அவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1931-ல் நூலகங்களுக்காக அவர் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். உங்கள் கண்ணாடிக் கதவு இரண்டையும் ஒரே நேரத்தில் மறித்துக்கொண்டு நிற்கிறது.

அப்புறம், இது மதுரை. என் பஸ் தினமும் பசுமலையைத் தாண்டித்தான் வருகிறது. ஊரை அழிக்க வந்த மாயப் பசு நந்தியின் முன்னால் விழுந்து மலையானது என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அந்தப் பக்கம் நாகமலை, பாம்பு. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை, யானை. கோயிலுக்குள் போனால் தூணுக்குத் தூண் யாளி. கல் யானை கரும்பு தின்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில், கதையில் மந்திரம் வந்துவிட்டால் அது குழந்தைகள் சமாச்சாரம் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. காமிக்ஸையும் அப்படித்தான் உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். பக்கத்துச் சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸை அன்றைக்குப் படித்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள், இன்னமும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் எந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? அந்தப் பொழுதுபோக்கு ஒருவருக்கு வயதோடு போய்விட வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் ஊழியர்கள் யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, விதியைச் சொன்னார்கள், அவர்களால் வேறென்ன செய்ய முடியும்.

தயவுசெய்து அந்தப் புத்தகங்களைப் பொதுப் பகுதிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். உடனே முடியாது, ரேக் வர வேண்டும் என்றால், அதுவரை பெயரைச் சொல்லிக் கேட்டால் கவுண்டரில் எடுத்துவந்து பெரியவர் அட்டையில் பதிந்து கொடுக்கவாவது ஒரு வரி உத்தரவு போடுங்கள். மூன்றாம் பாகமும் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாகத்தைத் திருப்பித் தர வருகிறேன். பையனும் வருகிறான். அவன் அட்டையில் அவனுடைய டைனோசரைக் கொடுங்கள், என் புத்தகத்தை என் அட்டையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருமங்கலத்திலிருந்து வரும் உங்கள் உறுப்பினர்