அணைப்பதற்கு முன் விளக்கைப் பார்

அன்புள்ள செல்விக்கு,

நெட் நின்றதும் மோடத்தை அணைத்துப் போடத்தான் உனக்குக் கை போகிறது. அதற்கு முன் அரை நிமிடம் அதன் விளக்குகளைப் பார், கண்ணு. கோளாறு தெருவிலா, வீட்டிலா என்பதை அவைதான் சொல்லும். அணைத்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

கண்ணாடி இழை வழியே ஒளியாக நெட் வரும் பைபர் இணைப்பில் பான் (PON), எல்.ஓ.எஸ் (LOS) என்ற இரண்டு விளக்குகள் முக்கியம். பான் பச்சையாக நின்று எரிந்து, எல்.ஓ.எஸ் அணைந்திருந்தால் தெருவிலிருந்து ஒளி ஒழுங்காக வருகிறது. எல்.ஓ.எஸ் சிவப்பாக மின்னினால் ஒளி போதுமான அளவு வந்து சேரவில்லை. அப்போது பத்து முறை அணைத்துப் போட்டாலும் பலன் இருக்காது. மோடத்துக்கு வரும் மெல்லிய ஒயரை வாசல்வரை தொடர்ந்து பார்த்துக்கொண்டே போ. கதவிடுக்கில் நசுங்கியிருக்கும், அல்லது பீரோ கால் ஏறியிருக்கும். உள்ளே இருப்பது தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். டம்ளர் வாயைவிடச் சின்ன வட்டமாக அதைச் சுருட்டாதே. பச்சை நிற முனை மோடத்தில் ‘க்ளிக்’ என்று விழுந்திருக்கிறதா என்றும் பார். கழற்ற நேர்ந்தால் நுனியைத் தொடாதே, விரல் பிசுக்கே ஒளியை மறைத்துவிடும். நுனிக்குள் கண் வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அப்புறமும் சிவப்பு போகவில்லையென்றால் “நெட் வரவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், “எல்.ஓ.எஸ் சிவப்பு” என்றே புகார் கொடு. வருபவர் மீட்டர் வைத்ததும் எவ்வளவு காட்டுகிறது என்று கேள். ஒளியின் பலத்தை டி.பி.எம் (dBm) என்ற அளவில் அது காட்டும்; மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட ஒளி மங்கல். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27 என்பது சாதாரண மோடத்தின் விளிம்பு. அந்த அளவில் விட்டுவிட்டுப் போனால் நெட்டும் விட்டுவிட்டுத்தான் வரும். மைனஸ் 25-க்குள் கொண்டுவந்து தரச் சொல்.

விளக்கெல்லாம் சரி, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், லேப்டாப்பின் கமாண்ட் விண்டோவில் ‘ping 8.8.8.8’ என்று அடித்து, கூகுளின் அந்த எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார். வந்தால் லைன் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ்-இல்தான் (DNS) சிக்கல். நெட்வொர்க் செட்டிங்கில் டி.என்.எஸ் இடத்தில், யாரும் பயன்படுத்தக்கூடிய 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று போட்டுவிடு.

200 Mbps வேகப் பிளானுக்குப் பணம் கட்டியும், மோடத்தையும் லேப்டாப்பையும் இணைக்கும் லேன் ஒயரில் வேகம் 94-ஐத் தாண்டவில்லையா? ஆபரேட்டரைத் திட்டுமுன் ஒயரை மாற்று. அதனுள் எட்டு இழை உண்டு. 100 வேகத்துக்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ (Cat5e) வகை ஒயர் வாங்கினால் போதும். மாற்றியும் அதே 94 என்றால் மோடத்தின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம்.

வைஃபை மட்டும் மந்தமென்றால் மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, திறந்த இடத்தில் தோள் உயரத்தில் வை. வைஃபைக்கு 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் தளரும். 2.4-இல் பக்கத்து வீட்டு வைஃபைகள் மோதும், அதனால் மோடத்தின் செட்டிங்கில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வை.

மோடம் தானாகவே அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகப்படு. புதிது வாங்கும்போது பழையதன் வோல்ட்டே இருக்கட்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. மோடத்தில் செருகும் பின்னையும் பழையதோடு ஒத்துப் பார்த்து வாங்கு.

ஊசித் துளை ரீசெட்டை மட்டும் குத்திவிடாதே. இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

இன்று நெட் நன்றாக ஓடும்போதே மோடத்தின் விளக்குகளைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள். எனக்கும் ஒன்று அனுப்பு. கெட்டுப்போகும் அன்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.

அன்புடன்,
அம்மா