கன்னத்தில் ஒற்றிப் பார்த்த மண்

சென்னை,
ஆவணி, முதல் வாரம்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. நவராத்திரி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இன்று மாலைதான் சூளையை அணைத்தேன். ஆறும்வரை அதைத் திறக்கக் கூடாது. நாளைக் காலைவரை வேறு வேலையில்லை என்பதால் இந்த இரவை உனக்கென்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அனைவரும் நலம். சுமதிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மகள் வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடமாகிறது. அம்மா உன்னை விசாரித்தாள். நீ வந்தால் வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைக்க வேண்டும் என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறாள். அப்பாவின் உடல்நிலை பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுது.

வேலையை விட்டுவிட்டு நான் மண்பொம்மை செய்ய வந்ததைச் சொல்லி, "நீ துணிந்துவிட்டாய், எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு நீ ஒரு முடிவும் எடுத்துவிடக் கூடாது. வீட்டுக் கடன் அடைந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். சுமதியின் ஆசிரியை வேலை பக்கத்துணையாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தவன், கணக்குப் போடாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதைவிட முக்கியம், கொசப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் மூன்று வருடம் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்த பிறகுதான் எழுந்தேன். அவரைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

கொசப்பேட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். புரசைவாக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குயவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். இந்த ஆவணியில் போனால் வாசல்களில் களிமண் பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பார்கள், அது முடிந்ததும் கொலு பொம்மைகள். முதல் ஞாயிறு அந்தப் பெரியவரிடம் போய், சிறு வயதிலிருந்தே எனக்கு மண்மேல் ஆசை என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு குவியல் களிமண்ணைக் காட்டி, பிசையச் சொன்னார். இரண்டு மாதம் அதுதான் வேலை. உள்ளே காற்று நிற்காமல் பிசைய வேண்டும், சின்னக் கல்லும் வேர்த்துண்டும் விரலில் தட்டுப்பட வேண்டும். பிறகுதான் அச்சைத் தொடவிட்டார். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அழுத்தி, ஓரங்களில் மண்குழம்பு தடவி ஒட்டுவது, அடியில் ஒரு துளை விடுவது, நிழலில் காயவைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் பிடித்தது.

ஒரு நாள் அவருடைய மகன் வந்திருந்தான். தரமணிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. நான் வேலையை விட்டுவிட்டு இதற்கு வரப்போகிறேன் என்று தெரிந்ததும் அவன் சிரிக்கவில்லை, கோபப்பட்டான். "ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் கடன். அதிலிருந்து என்னை வெளியே அனுப்ப அப்பா இருபது வருடம் பாடுபட்டார். நீங்கள் உள்ளே வருகிறேன் என்கிறீர்களே சார்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆசைப்பட்டுப் போகிற இடத்திலிருந்து, அவன் மூச்சு வாங்கத் தப்பித்துப் போயிருக்கிறான். அவனிடம் தப்பே இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதியில் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவன் நான், அந்த நிம்மதியை அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அன்றிலிருந்து "மனதுக்குப் பிடித்ததைச் செய்கிறேன்" என்று யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன். கேட்டால் பொம்மை செய்கிறேன் என்கிறேன். அது என் தொழில். அப்படிச் சொன்னதும் விலையும் கெடுவும் நஷ்டமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வரட்டும், அவற்றோடு சேர்த்துத்தான் இந்த வேலையை நான் நேசிக்கிறேன்.

நஷ்டம் என்றால் என்ன என்பதைச் சென்ற ஐப்பசியில் பார்த்தேன். போரூர் தாண்டி ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சிறிய மின்சூளை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். முதன்முதலாக நானே செய்த இருபத்துநான்கு பொம்மைகள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. காற்றே ஈரம். பத்து நாள் பொறுத்தேன், மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சூளையை மூட்டி ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூடிய சூளைக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன் ராகவா, வேறு என்ன செய்ய முடியும்? மறுநாள் திறந்தபோது பதினேழு பொம்மைகள் சில்லுச் சில்லாகக் கிடந்தன. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நீர், 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி ஏறக்குறைய 1,600 மடங்கு விரிகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வருகிறது.

பெரியவர் பஸ் பிடித்து வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு செட்டியார் பொம்மையை எடுத்து, அதன் அடிப்பாகத்தை என் கன்னத்தில் ஒற்றினார். ஜில்லென்றிருந்தது. பிறகு தன் பையிலிருந்து, அவர் வீட்டில் காய்ந்த ஒரு பொம்மையை எடுத்து ஒற்றினார். அதில் குளிர்ச்சியே இல்லை. கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும் என்றார். இப்போது சூளையில் ஏற்றும் முன் ஒவ்வொரு பொம்மையையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத்தான் வைக்கிறேன். இன்றைக்கு உள்ளே இருப்பவற்றையும் அப்படித்தான்.

இனி உன் விஷயம். பர்ச்சேஸ் பிரிவு வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையப் போகிறேன் என்கிறாய். உன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். 1991-இல் மெரினாவில், உழைப்பாளர் சிலைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த நாலு பேரில் ஒருவருடைய கெண்டைக்காலை மட்டும் வரைந்தாயே! பாறையின் பாரம் முழுக்க அந்தக் காலில் இருந்தது. இங்கே நுண்கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்த சிலை அது, 1959 முதல் கடற்கரையில் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உன் நோட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உன் படத்தை யாராவது மாற்றச் சொல்லி, நீ மாற்றிக் கொடுத்திருக்கிறாயா? யானை பெரிதாக இருக்கிறது, சிவப்பு வேண்டாம், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லும் ஒருவருக்காக வரைந்திருக்கிறாயா? வரைந்த பிறகும் பென்சிலை எடுக்கக் கை பரபரக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் ராஜினாமா எழுதாதே. சனி, ஞாயிறு இருக்கிறது. ஒரு பதிப்பகத்துக்கு ஒரே ஒரு புத்தகம் முடித்துக் கொடு.

பணத்துக்காகச் செய்தால் கலை கெட்டுவிடும் என்று நீ பயப்பட வேண்டியதில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நாம் சைக்கிளில் போனது நினைவிருக்கிறதா? 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அங்கே குடியேறினார்கள். கலைஞர்கள் மெழுகு ஊற்றிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணம்தான் அந்த நிலமானது. விற்பனைக்குத் துணியில் மெழுகு ஊற்றிய அதே கைகள்தான் ஓவியமும் வரைந்தன.

இன்சூரன்ஸ்காரனாக ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவ பாலிசி எடுத்துவிடு. கம்பெனியின் குழு பாலிசி வேலையோடு போய்விடும், பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு உண்டு. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, மறக்காதே. பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கணக்கிட, கடைசி மாதச் சம்பளத்தில் அதற்குக் கணக்கில் வரும் பகுதியை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வேலை பார்த்த வருடங்களாலும் பெருக்கு. வரும் தொகை எத்தனை மாதம் வீட்டை நடத்தும் என்று மனைவியோடு உட்கார்ந்து பார். அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யாதே.

சூளையில் இப்போது ஒரு தசாவதார செட் இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு மாமி கேட்டிருக்கிறார். வெள்ளை அடித்து, வர்ணம் ஏற்றி, கடைசியாகக் கண் திறக்க வேண்டும். மற்ற வர்ணமெல்லாம் நான் தீட்டிவிடுகிறேன். கண்ணை மட்டும் இதுவரை பெரியவர்தான் எழுதினார். இந்த முறை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார். இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. வடக்கு மாட வீதியில் ஒரு கடைக்காரருக்கு அறுபது பொம்மை கொடுக்க வேண்டும், கூடவே வந்து கை கொடு. வரும்போது, யாரோ ஒருவர் திருத்தச் சொல்லி நீ திருத்திய படம் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் கண்ணன்