வலைக்கா பஞ்சம் எங்கள் ஊரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கொடி ரோஜா பற்றி எழுதியிருந்தீர்கள். மொட்டைப் பறவைகள் கொத்தாமலிருக்க வலை கட்டுங்கள் என்று அதில் ஒரு வரி. கடற்கரைக்காரர்களிடம் சொல்ல வேண்டிய யோசனைதான்! பக்கத்து வீட்டுத் தம்பி அன்று சாயங்காலமே கிழிந்த நைலான் வலை ஒன்றை எடுத்து வேலி ரோஜா மேல் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் அதில் ஒரு தையல்சிட்டு. சிக்கிய இடத்தில் வலையைக் கத்தரியால் அறுத்து விட்டேன். ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பறந்தது.

நானும் பன்னிரண்டு வருடமாகக் கொடி ரோஜா வளர்க்கிறேன். இங்கே போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். குழியில் செம்மண்ணும் ஆட்டெருவும் போட்டு, மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கச்சான் காற்றுக்குப் பனையோலைத் தட்டி கட்டி வளர்த்த செடி. கொடியை நெட்டுக்குத்தாக விடாமல் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும். உங்கள் கட்டுரையில் இதைத் தேடினேன். மூன்று மருந்துப் பெயர்தான் இருந்தது.

மருந்து நானும் அடித்தவள்தான். அடித்த வருடம் சிலந்திப்பேனைத் தின்னும் பூச்சிகளும் சேர்ந்து செத்து, இலைக்கு அடியெல்லாம் பேன் அப்பிக்கொண்டது. குருவிகளும் வரவில்லை. அப்புறம் மருந்தை நிறுத்தி, மண்சட்டியில் நல்ல தண்ணீர் வைத்தேன். சுற்றிலும் கடல், வாய் வைக்க நல்ல தண்ணீர் ஏது? சட்டிக்கு வராத குருவி இல்லை. தையல்சிட்டு இலை இலையாகப் புழு பொறுக்கும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். சின்னான் குருவி நாலு மொட்டைக் கொத்தும்தான். சரி, கூலி என்று விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தனுஷ்கோடிக்குப் பூநாரை வந்தால் படத்தோடு போடுகிறீர்கள். மற்ற நாளில் எங்கள் மாவட்டம் தண்ணியில்லாக் காடு. தோட்டம் என்றால் ஊட்டி, ஓசூர். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று பற்றி ஒருமுறை எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் மாற்றிப் போட்டீர்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைப் படத்தில் உட்கார்ந்திருந்த சிவப்பு நெஞ்சுக் குருவி எந்த நாட்டுப் பறவை என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் 'வலை வேண்டாம்' என்று போடுங்கள், போதும். அந்தத் தம்பி இன்னும் அவிழ்க்கவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். பேப்பரில் வந்தால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி அருகிலிருந்து