புதுசாய் முளைத்த புறம்போக்கு

அன்புள்ள சண்முகம்,

பதிலே போடவில்லை என்று நீ திட்டி எழுதியது வந்து சேர்ந்தது. பாதி நியாயம். மீதிப் பாதி, ரிட்டயர் ஆனபிறகு உனக்குத் திட்டுவதைத் தவிர வேலை இல்லாததால். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

இப்போது விஷயம். ஊர் ஊராகச் சங்கிலி இழுத்த சர்வேயர் நீ, உன்னைத்தான் கேட்க வேண்டும். கடலில் புதிதாக நிலம் முளைத்தால் பட்டா யார் பேருக்கு?

சிரிக்காதே. மகள் இருக்கும் இந்த ஹவாய்ப் பெரிய தீவில் அது நடக்கிற காரியம். 2018 மே மாதம் கிலாவேயா எரிமலையின் கிழக்குப் பக்கம் தரை பிளந்து, ஆகஸ்ட் வரை குழம்பு ஓடியிருக்கிறது. 700 வீடுகளுக்கு மேல் போய்விட்டன. கபோஹோ என்று ஒரு விரிகுடா, ஜூன் தொடக்கத்தில் ஓரிரு நாளில் தூர்ந்தே போயிற்று. எல்லாம் அடங்கியபோது தீவுக்கு 875 ஏக்கர் கூடுதல். அங்கே கடலோர மனை வாங்கியவன் கதியை யோசித்துப் பார். மனை பாறைக்கு அடியில், பத்திரம் பீரோவில், கடலோ ஒரு கிலோமீட்டர் போலத் தள்ளிப் போய்விட்டது! ‘பீச் வியூ’ என்று சொல்லியே நம் தலையில் கட்டப் பார்த்தானே தாஸ், அவனிடம் கட்டாயம் சொல்.

சரி, மனைக்கு முன்னால் கடலில் முளைத்த நிலம் யாருக்கு? 1955-இல் இதே பக்கம் ஏறக்குறைய 8 ஏக்கர் இப்படிச் சேர்ந்திருக்கிறது. ஒட்டியுள்ள நிலத்தைப் பிற்பாடு வாங்கிய ஒரு தம்பதி, அதுவும் எங்களுக்கே என்றார்கள். வழக்கு ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-இல் தீர்ப்பு: குழம்பால் சேரும் நிலம் மக்கள் எல்லோருக்கும் பொது, அரசு அதை அறங்காவலர் போல வைத்திருக்க வேண்டும். அதாவது புறம்போக்கு! உன் முகத்தை நினைத்துச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் அதை நிலம் என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். குழம்பு கடலைத் தொட்டதும் சட்டென்று குளிர்ந்து நொறுங்குகிறது. கறுப்பு மணலும் சல்லியுமாக நீருக்கடியில் சரிவாகக் குவிகிறது. அந்தக் குவியல் மேல் அடுத்த குழம்பு வந்து படர்ந்து இறுகினால், மேலே பார்க்கக் கெட்டிப் பாறை. கீழே பிடிப்பே கிடையாது. கட்டுமானம் பற்றி நீ கொத்தனார்களிடம் கத்துவாயே, அஸ்திவாரம் இல்லாத தளம், அதேதான். 2016 டிசம்பர் 31 அன்று கமோகுனா என்ற இடத்தில் அப்படி உருவான 20 ஏக்கருக்கு மேற்பட்ட திட்டு, சில மணி நேரத்தில் கடலுக்குள் சரிந்துவிட்டது. பின்னாலிருந்த பழைய பாறைமுகட்டிலும் ஒரு துண்டை இழுத்துக்கொண்டு போயிற்று.

மாப்பிள்ளை என்னைப் போஹோயிகி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். 2018-இல் குழம்பு அங்குள்ள படகு இறங்குதளத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. மீனவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் நொறுங்கிய கறுப்பு மணலை அலை கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வந்து, தளத்தின் வாயை அடைத்துவிட்டது. நெருப்புக்குத் தப்பி மணலிடம் மாட்டிய துறையைக் கண்ணால் பார்த்தேன். படகுக்காரர்கள் ஹீலோ நகரம் வரை போக வேண்டியதாயிற்று. ஜனங்களோ புதுக் கடற்கரை என்று குடையும் பாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு நின்றால் புது மணல் வராது. இருப்பதை அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும். கலபனா பக்கம் பேர்போன ஒரு கறுப்பு மணல் கரை, தென்னைமரத்தோடு 1990-இல் குழம்புக்குள் போனது. ஊர்க்காரர்கள் அந்த மொட்டைப் பாறையில் மறுபடி தென்னம்பிள்ளை வைத்தார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இவ்வளவு வளர்ந்தும் தன் கனத்தாலேயே தீவு வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே இறங்குகிறதாம். வடமேற்கே போகப்போகத் தீவுகளுக்கு வயது கூடும், உயரம் குறையும். அந்த வரிசையில் வெகு தூரத்திலுள்ள மிட்வே தீவுக்குப் போனால் மேலே பவளமும் மணலும்தான், எரிமலைப் பாறை அடியில் எங்கோ புதைந்திருக்கிறது. 1965-இல் துளைபோட்டுத்தான் அதைக் கண்டிருக்கிறார்கள்.

அண்ணனோடு நீ நடத்தும் மூணு சென்ட் நில வழக்கை விடச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறான் என்று நினைப்பாய். இல்லை. நடத்து, உன் உரிமை. ஆனால் அண்ணன் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாரே, போய்ப் பார்த்தாயா? மதினி போனில் அழுதார்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுது, வக்கீல் பேச்செல்லாம் வேண்டாம்.

அப்புறம் ஒரு தொழில் சந்தேகம். எல்லைக்கல் அத்தனையும் பாறைக்கு அடியில் போனபிறகு, கையில் புலப்படம் மட்டும் இருந்தால், கபோஹோவில் நீ முதல் சங்கிலியை எங்கே வைப்பாய்? விவரமாக எழுது. மாப்பிள்ளையிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

உன்,
ராமலிங்கம்