ராமைக் கூட்டினாப்போல விஎம் ஓடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட தொழில்நுட்பப் பக்கத்தில விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள மென்பொருளா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) பற்றி வந்ததை வாசிச்சன். தமிழில இதுகளை எழுதுறது நல்ல விஷயம், ஆனா "விஎம் ஸ்லோ எண்டா ராமைக் கூட்டுங்கோ" எண்டு ஒரே வரியில முடிச்சுப்போட்டியள். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தில அப்பிடித்தான் கூட்டினவை, பிறகும் அதே இழுவை.

அந்த மெஷினில பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் (லினக்ஸில விஎம்மை ஓட்டுற கேவிஎம்மை அளந்து பாக்கிற கட்டளை) ஓடவிட்டுப் பாத்தன், கெஸ்ட் (உள்ள ஓடுற விஎம்) ஹோஸ்டுக்கு (அதை ஓட்டுற மெஷினுக்கு) வெளியில வந்த காரணங்களில மேல நிண்டதெல்லாம் இன்டரப்ட் (ஒரு கருவி ப்ராசசரை இடைமறிச்சுக் கூப்பிடுறது) சம்பந்தப்பட்டது. நெட்வேர்க் கார்ட் இன்டரப்ட் அடிச்சா ப்ராசசர் கெஸ்ட்டை விட்டிட்டு ஹோஸ்டுக்கு வரும், ஹோஸ்ட் பாத்து கெஸ்ட்டுக்குரிய வெக்டரை (இன்டரப்டின்ர இலக்கத்தை) போட்டுத் திருப்பி உள்ள விடோணும், அந்த நேரம் பாத்து கெஸ்ட் இன்டரப்டை மூடி வச்சிருந்தா உடன குடுக்கவும் ஏலாது, அது திறக்கிற நேரம் இன்னொருக்கா வெளியில வந்துதான் குடுக்கோணும், கடைசியா கெஸ்ட் வேலை முடிஞ்சுது எண்டு ஈஓஐ எழுத பழைய ப்ராசசரில அதுக்கும் ஒரு வெளியேற்றம். உதில ராம் என்ன செய்யும்?

இன்டெல் 2013இல ஐவி பிரிட்ஜ் சியோன் எண்ட சேர்வர் ப்ராசசரில ஏபிக்வி எண்ட வசதியைக் கொண்டுவந்தது உந்த அலைச்சலைக் குறைக்கத்தான். தபால்காரர் படலையில நிண்டு ஆளைக் கூப்பிடாம பெட்டியில போட்டிட்டுப் போற மாதிரி, ஹோஸ்ட் 256 பிட் இருக்கிற ஒரு இடத்தில வெக்டருக்குரிய பிட்டைப் போட்டிட்டு ஒரு சிக்னல் குடுக்கும், மிச்சத்தை ப்ராசசரே பாக்கும், கெஸ்ட் நிக்காம ஓடும். ஈஓஐக்கும் அனேகமா வெளியில வரத் தேவையில்லை. ஏஎம்டியில இதுக்கு ஏவிஐசி எண்டு பேர். (2012இலயே ஐபிஎம்மும் இஸ்ரேல் டெக்னியனும் சேர்ந்து புது ஹார்ட்வெயர் இல்லாமலே இதைச் செய்து காட்டினவை, கெட்டிக்காரர்தான்.)

எனேபிள் ஏபிக்வி எண்ட பராமீட்டரை கேவிஎம் இன்டெல் மொடியூலுக்குள்ள பாத்தா உங்கட மெஷினில இருக்கோ இல்லையோ தெரியும். நான் பாத்ததில இல்லை, பழைய டெஸ்க்டொப்தானே. அதுக்காக புதுசு வாங்கச் சொல்லேல்ல, விஎம்முக்குக் குடுத்த இ1000 கார்டை (நிஜ நெட்வேர்க் கார்ட் மாதிரி நடிக்கிறது) வேர்ட்ஐஓவுக்கு (விஎம்முக்கெண்டே செய்த கார்டுக்கு) மாத்தினம், அதில "இப்ப இன்டரப்ட் வேண்டாம்" எண்டு கெஸ்ட்டே சொல்லி வைக்கலாம், வெளியேற்றம் கண்ணுக்கு முன்னால குறைஞ்சுது.

ஏ/எல் ஐசிடி படிக்கிற பிள்ளையளும் உங்கட பக்கத்தை வெட்டி ஒட்டி வைக்கினம். அடுத்த கிழமை ஒரு திருத்தம் போடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர், கோண்டாவில்