போத்தல் வாட்டில் இருக்கட்டும்

நாட்டின் அரச வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தெரியவந்தபோதே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 என்ற இரத்தக் கலங்களின் எண்ணிக்கை 41. அது 200க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிலையில் வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக எடுக்கக்கூடாது என்பதும் தெரியும்.

போன வாரம் அவனுக்கு மறுபடியும் காய்ச்சல். இரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க இரத்தம் எடுக்கும் பிளட் கல்ச்சர் போத்தல் முடிந்துவிட்டது என்றார்கள். நான் கைப்பையைத் திறந்து இரண்டு போத்தலை எடுத்துக் கொடுத்தேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் ஐயா, எங்கள் வீட்டு அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்குப் பக்கத்தில், காலாவதித் தேதி பார்த்து அவற்றை வாங்கி வைத்திருக்கிறேன்.

வைக்கவேண்டி வந்தது ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவுக்குப் பிறகு. தம்பிக்கு நடுக்கம், மூச்சு வாங்கியது, பேச்சுக் குழறியது. வாட்டில் இருந்த இளம் டொக்டர் நல்ல பிள்ளை. மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும், மருந்து உள்ளே போனபிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம் என்று சொல்லி, போத்தலுக்குத் துண்டு எழுதித் தந்தார். ஆட்டோ பிடித்து மூன்று பாமசி ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில் நின்றவர் துண்டை வாசித்தார். நோயின் பெயரும் அதில் இருந்தது. கையால் தொடாமல் பேனா நுனியால் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

வெறுங்கையோடு திரும்பினேன். தம்பியின் பிரஷர் இறங்கிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது என்று மருந்தை ஏற்றியிருந்தார்கள். அது சரியான முடிவு, அதில் யாரையும் குறை சொல்லமாட்டேன். போத்தல் வந்தது மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு. புதன்கிழமை முடிவு வந்தபோதுதான் தெரிந்தது, இரத்தத்தில் இருந்தது கிளெப்சியெல்லா என்ற கிருமி, ஏற்றிக்கொண்டிருந்த மருந்துக்கு அது அடங்காத வகை. பதினைந்து மணித்தியாலம் முந்தி இரத்தம் எடுத்திருந்தால் பதினைந்து மணித்தியாலம் முந்தித் தெரிந்திருக்கும். தம்பி பிழைத்தான். ஆனால் அந்தத் தொற்றால் வலது காலில் இரண்டு விரல் கறுத்துப் போய் எடுக்கவேண்டி வந்தது. எங்கும் கிடைக்காத அபூர்வ மருந்து இல்லாமல் போன விரல்கள் அல்ல அவை. ஒரு போத்தல் இல்லாமல் போனவை.

நான் கேட்பது இதுதான்: இரவோ, ஞாயிறோ, போயா தினமோ, கல்ச்சர் போத்தல் வாட்டிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்த போத்தலைப் பொறுப்பேற்க ஆய்வுகூடத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு ஊகித்து மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்து! இரத்தத்தில் காசநோய்க் கிருமி இருக்கலாம், சல்மொனெல்லா இருக்கலாம், கிரிப்டோகொக்கஸ் பூஞ்சணம் இருக்கலாம். அடிக்கடி வாட்டில் படுப்பதால் அங்கேயே பழகிப்போன, மருந்துக்கு அடங்காத கிருமியும் தொற்றலாம். காசநோயைத் தேட, சிறுநீரில் அரை மணித்தியாலத்துக்குள் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் என்ன?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தடிமனுக்கெல்லாம் துண்டே இல்லாமல் அன்டிபயோடிக் விற்கிற கடைகள் கொழும்பில் எத்தனை! மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாத என் தம்பி போன்றவர்கள்தான் அந்தக் கிருமியிடம் முதலில் அகப்படுகிறார்கள். துண்டில் நோயின் பெயரை எழுதிக் கடைகடையாக அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பேனா நுனியை நினைத்தால் இப்பவும் எனக்குக் கை நடுங்குகிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. என் தம்பியின் எச்.ஐ.வி. மாத்திரைகளுக்கு இன்றுவரை ஒரு சதம் கேட்டதில்லை. இவ்வளவும் செய்த உங்களால் ஒரு போத்தலை வாட்டில் வைக்க முடியாது என்று நான் நம்பவில்லை. அதனால்தான் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன், போத்தல் வாட்டில் இருக்கட்டும்.

போன வாரம் நான் இரண்டு போத்தலை நீட்டியபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதானவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். இப்போது எங்கள் அலுமாரியில் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஒரு அக்கா
கொழும்பு 13