அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாதே

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அவசரத்தில் இருந்தாய், அதனால் எழுதுகிறேன். மேட்லாப் என்ற கணக்கு மென்பொருள் கொடுத்த விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டால் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம்தான், ஆனால் மேட்ரிக்ஸ் (சமன்பாட்டின் எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அணி) சிங்குலருக்கு, அதாவது ஒரே விடை என்று கிடைக்காத நிலைக்கு, பக்கத்தில் இருப்பதாக ஓர் எச்சரிக்கை மட்டும் வருகிறது என்றாய். கூட வேலை செய்பவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறார்களாம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மேட்லாப், அதைப் போன்ற ஆக்டேவ், சைலாப் எல்லாமே வழக்கமாக ஓர் எண்ணை 64 பிட்டில் வைக்கின்றன. சுமார் 16 இலக்கம், அவ்வளவுதான் கையிருப்பு. கணக்குப் போடும்போது அதில் எத்தனை இலக்கம் கரையக்கூடும் என்பதைக் காண்டிஷன் நம்பர் சொல்லிவிடும். ஹில்பர்ட் மேட்ரிக்ஸை எடுத்துக்கொள். முதல் வரிசை ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று போகும், அடுத்த வரிசை அரையில் தொடங்கும். பார்க்கப் பரம சாது. 10க்கு 10 எடுத்தால் அதன் காண்டிஷன் நம்பர் ஏறக்குறைய 16 லட்சம் கோடி. அதாவது 13 இலக்கம் போய்விடலாம், நம்பக்கூடியது மூன்றுதான். இவ்வளவுக்கும் விடையைத் திருப்பிப் போட்டால் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே வரும். அந்தச் சோதனை மட்டும் போதாது என்பது இதனால்தான்.

உன்னுடையதும் அதற்கு நெருங்கிய சொந்தம். 0 முதல் 1 வரையுள்ள அளவுகளுக்கு 9ஆம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துகிறாய். மேட்ரிக்ஸின் வரிசைகளை நெடுவரிசைகளாகத் திருப்பி, அதனாலேயே பெருக்கி நார்மல் ஈக்குவேஷன் எழுதினால் ஹில்பர்ட் போன்ற மேட்ரிக்ஸ்தான் வரும். அதை எழுதாதே. அளவுக்கு ஒரு வரிசையாக நெட்டையாக இருக்கும் அசல் மேட்ரிக்ஸையே பேக்ஸ்லாஷிடம் (மேட்லாபில் சமன்பாட்டைத் தீர்க்கும் சாய்கோட்டுக் குறி) கொடு, அது மேட்ரிக்ஸை இரண்டாகப் பிரிக்கும் கியூஆர் முறையில் தீர்க்கும். நார்மல் ஈக்குவேஷனில் போல காண்டிஷன் நம்பர் வர்க்கமாகப் பெருகாது. இன்வர்ஸ் எடுத்துப் பெருக்குவதையும் விட்டுவிடு. கோவையைப் பொருத்தித் தரும் பாலிஃபிட் கட்டளையைப் பயன்படுத்தினால் மூன்றாவது வெளியீட்டையும் கேட்டு வாங்கு. அப்போது அது அளவுகளிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துக்கொண்டு கணக்குப் போடும்.

இன்னொரு வழி, மேக்சிமா, சிம்பை போன்ற குறியீட்டுக் கணித மென்பொருளில் பின்னங்களாகவே கணக்குப் போட்டு ஒப்பிடுவது. அவை மூன்றில் ஒன்றை மூன்றில் ஒன்றாகவே வைத்திருக்கும். பெரிய கணக்குக்கு மெதுவாகத்தான் ஓடும், ஆனால் உன்னுடையது சின்னதுதானே. இரண்டுமே இலவசம், லைசென்ஸ் தொல்லை கிடையாது.

இதைச் சொல்லும்போது நம் மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன்தான் நினைவுக்கு வருகிறார். பை எண்ணை 58-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை இ என்ற மாறிலிக்கு (2.718...) அடுக்காக்கினால் 24591257751.99999982 வரும் என்று 1914-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். முழு எண் போலவே இருக்கும், ஆனால் முழு எண் இல்லை. புள்ளிக்கு முன்னாலேயே 11 இலக்கம் போய்விடுவதால், அந்த நூலிழை வித்தியாசம் 64 பிட்டுக்குள் அடங்காது. சிம்பையில் 30 இலக்கம் கேட்டுப் பார், தெளிவாகத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒருவர் அதைக் கண்டிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது காண்டிஷன் நம்பர் எவ்வளவு என்று சொல். ரிப்போர்ட்டை அதற்கு முன்னால் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அம்மா